டெல்லி நேஷனல் போலீஸ் மெமோரியல்: அப்பாவ கூட்டிட்டு போனேன், 5க்கு 5 ஸ்டார்

டெல்லி போறோம்னாலே எல்லாரும் இந்தியா கேட், செங்கோட்டை, குதுப் மினார், ஒரு நாள் ஆக்ரானு லிஸ்ட் போடுவோம், நாங்களும் அதே லிஸ்ட்தான் போட்டோம், இந்த இடம் அதுல இல்ல. தம்பிக்கு நொய்டால வேலை, அவன் வீட்டுக்கு அப்பா அம்மாவ கூட்டிட்டு போயிருந்தேன், மூணாவது நாள் காலைல காபி குடிச்சிட்டு இருக்கும்போது அப்பா மெதுவா கேட்டார், "ஏம்மா, இங்க போலீஸுக்குனு ஒரு நினைவிடம் கட்டிருக்காங்களாமே, அது ரொம்ப தூரமா?" எங்க அப்பா எனக்கு இத வாங்கிக்குடு, அங்க கூட்டிட்டு போன்னு இதுவரைக்கும் ஒரு தடவ கூட வாய் திறந்து கேட்டதில்ல. செங்கோட்டைய அம்மாவும் தம்பி வீட்டுக்காரங்களும் போய் பாத்துக்கட்டும்னு விட்டுட்டு நானும் அப்பாவும் மட்டும் அன்னைக்கே கிளம்பிட்டோம்.

அப்பாவ பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், இல்லன்னா இந்த ரிவ்யூ புரியாது. 1981ல தமிழ்நாடு போலீஸ்ல இரண்டாம் நிலை காவலரா சேர்ந்து 2016ல எஸ்.எஸ்.ஐ.யா, அதாவது சிறப்பு சப் இன்ஸ்பெக்டரா ரிட்டயர் ஆனவர். முதல்ல ஆவடி பட்டாலியன், அப்புறம் ஏ.ஆர்.னு சொல்ற ஆயுதப்படை, அப்புறம் தாலுகா ஸ்டேஷன், பாரா, பீட், நைட் ரவுண்ட்ஸ், கோர்ட் டியூட்டி, திருவிழா பந்தோபஸ்து, எலெக்‌ஷன் பந்தோபஸ்து, விஐபி வந்தா ரோட்டோரம் வெயில்ல எட்டு மணி நேரம் நிக்கிறதுன்னு 35 வருஷம். இவ்வளவு வருஷத்துல வீட்டுக்கு வந்து இன்னைக்கு இது நடந்துச்சுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல. யூனிபார்ம கழட்டி ஆணில மாட்டிட்டு குளிச்சிட்டு சாப்பிட்டு படுத்துருவார், அவ்வளவுதான்.

மெமோரியல் இருக்கிறது சாணக்யபுரில, சாந்தி பத் ரோட்டோட வடக்கு முனைல. சுத்தி எல்லாம் வெளிநாட்டு தூதரகங்க, மரங்க, அகலமான ரோடு. டெல்லியோட சத்தம் அந்த பக்கம் வந்தா கொஞ்சம் அடங்கிடுது. 2018 அக்டோபர் 21 அன்னைக்கு பிரதமர் மோடி திறந்து வச்சது. உள்ள நுழைஞ்சதும் மொதல்ல கண்ணுல படறது அந்த கருங்கல்தான். 30 அடி உயரம், 238 டன் எடை, ஒரே கல்லு. ஒடிசாவ சேர்ந்த அத்வைத கடநாயக்னு ஒரு சிற்பி செஞ்சது. சிலைன்னா கைல துப்பாக்கியோட ஒரு போலீஸ்காரர் உருவம் இருக்கும்னு நான் நினைச்சிருந்தேன், ஆனா இதுக்கு முகமும் கிடையாது தொப்பியும் கிடையாது, நெடுநெடுன்னு கருப்பா நிமிர்ந்து நிக்குது, அவ்வளவுதான். நம்ம ஊர்ல வயல் ஓரத்துல நடுகல் பாத்தவங்களுக்கு இது என்னன்னு யாரும் விளக்கி சொல்லத் தேவையில்ல, ஊர காக்க போய் செத்தவனுக்கு கல்லு நடறது நமக்கு புதுசா என்ன? அப்பா செருப்ப கழட்டிட்டார். கழட்டணும்னு யாரும் சொல்லல, அவரா கழட்டிட்டு கொஞ்ச நேரம் நின்னார்.

ஏன் அக்டோபர் 21 தெரியுமா? எனக்கு போலீஸ்காரர் பொண்ணா இருந்தும் முழுசா தெரியாது, அப்பா அந்த கல்லு முன்னாடி நின்னு சொல்லித்தான் தெரிஞ்சுது. 1959ல நம்ம சீனா எல்லைல பல இடத்துல காவல் இருந்தது போலீஸ் படைங்கதான். லடாக்ல ஹாட் ஸ்பிரிங்ஸ்னு ஒரு இடம், கிட்டத்தட்ட 16 ஆயிரம் அடி உயரம், மூச்சு விடறதே கஷ்டம். அக்டோபர் 20ம் தேதி அங்க இருந்து மூணு குழு ரோந்து போச்சு, ரெண்டு குழு மதியத்துக்குள்ள திரும்பிருச்சு, மூணாவது குழுல போன ரெண்டு கான்ஸ்டபிளும் ஒரு சுமை தூக்கறவரும் திரும்பல. மறுநாள் காலைல காணாம போனவங்கள தேடிக்கிட்டு கரம் சிங்னு ஒரு அதிகாரி தலைமைல சுமார் 20 பேர் கிளம்பிருக்காங்க, சில பேர் குதிரைல, மீதி பேர் நடந்து. மத்தியானம் போல ஒரு குன்று மேல இருந்த சீன ராணுவம் துப்பாக்கியால சுட்டு கையெறி குண்டும் வீசிருக்கு, மறைஞ்சுக்க கூட இடமில்லாத வெட்டவெளி. 10 போலீஸ்காரங்க அங்கயே செத்தாங்க, 7 பேர் காயத்தோட பிடிபட்டாங்க. செத்தவங்க உடம்ப சீனாக்காரங்க திருப்பி குடுத்தது நவம்பர் 13, அதாவது மூணு வாரத்துக்கு மேல கழிச்சு. அங்கயே போலீஸ் மரியாதையோட தகனம் பண்ணிருக்காங்க. 1960 ஜனவரில எல்லா மாநில ஐ.ஜி.ங்களும் கூடி இனிமே ஒவ்வொரு வருஷமும் அந்த தேதில பணில இறந்த போலீஸ்காரங்கள நினைக்கணும்னு முடிவு பண்ணாங்க.

நினைச்சு பாருங்க, அவங்க அன்னைக்கு போனது சண்டை போட இல்ல, கூட வேலை பாக்கறவன் ராத்திரி திரும்பலயேன்னு தேடிப் போனாங்க. இத சொல்லும்போது அப்பா குரல் கொஞ்சம் மாறுச்சு. "எங்க பரேட் கிரவுண்ட்லயும் ஒவ்வொரு வருஷமும் நடக்கும்மா, துப்பாக்கிய தலைகீழா திருப்பி பிடிச்சிட்டு நிப்போம், பியூகிள் ஊதுவாங்க, அந்த வருஷம் நாடு முழுக்க செத்தவங்க பேர ஒவ்வொண்ணா படிப்பாங்க, வெயில் ஏறிக்கிட்டே இருக்கும், ஒருத்தனும் அசைய மாட்டான்"னார். நான் ஸ்கூல் படிக்கும்போது அக்டோபர் மாசம் ஒரு நாள் மட்டும் யூனிபார்முக்கு கஞ்சி போடறது, பித்தளைய தேய்க்கிறதுன்னு ராத்திரி 11 மணி வரைக்கும் உக்காந்திருப்பார், ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் போலன்னு நினைச்சிருக்கேன். இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் அது எதுக்குன்னு தெரியுது.

அடுத்து அந்த சுவர். இந்த இடத்துக்கு நான் 5 ஸ்டார் குடுக்கறதே இதுக்காகத்தான். சுதந்திரம் வாங்கினதுல இருந்து பணில உயிர் விட்ட போலீஸ்காரங்க பேர எல்லாம் கிரானைட்ல செதுக்கி வச்சிருக்காங்க. திறக்கும்போதே 34,844 பேர், இப்ப 36 ஆயிரத்த தாண்டிருச்சு, வருஷா வருஷம் சேர்த்துட்டே இருக்காங்க. நியூஸ்ல 34 ஆயிரம்னு படிச்சா அது ஒரு நம்பர், கண்ணு தாண்டி போயிடும். அந்த சுவர் முன்னாடி நடந்து பாருங்க. பேர், பேர், பேர், முடியவே இல்ல, கால் வலிக்குது, இன்னும் பேர் இருக்கு. எல்லா மாநிலமும் இருக்கு, எல்லா மதமும் இருக்கு, பெரிய ஆபீசர்ல இருந்து கான்ஸ்டபிள் வரைக்கும் ஒரே கல்லுல இருக்காங்க.

அப்பா ஒரு பேர தேடித்தான் வந்திருக்கார்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. அங்க டியூட்டில இருந்த ஒரு சின்ன பையன், 25 வயசு கூட இருக்காது, ஹிந்தி மட்டும் பேசறவர். அப்பாவுக்கு ஹிந்தி ஒரு வார்த்த தெரியாது. நான் எனக்கு தெரிஞ்ச அரைகுறை ஹிந்தில சொல்ல ஆரம்பிக்கறதுக்குள்ள அப்பா தன் நெஞ்ச தொட்டு "தமிழ்நாடு போலீஸ், ரிட்டயர்ட்"னார். அந்த பையன் சட்டுன்னு விறைப்பா நின்னு ஒரு சல்யூட் அடிச்சார் பாருங்க, அப்பாவும் அனிச்சையா திருப்பி அடிச்சார். 35 வருஷத்துல எங்க அப்பா எத்தன ஆயிரம் சல்யூட் மத்தவங்களுக்கு அடிச்சிருப்பார், அவருக்கு ஒருத்தர் அடிச்சு நான் பாத்தது அதுதான் மொத தடவ. அப்புறம் வருஷம், மாநிலம், பேர்னு சொல்ல அந்த பையனே கூட நடந்து வந்து தேடி கண்டுபிடிச்சு குடுத்தார்.

அந்த பேர நான் இங்க எழுதல, அவங்க குடும்பம் இருக்காங்க. நாங்க மாமான்னுதான் கூப்பிடுவோம். அப்பாவும் அவரும் ட்ரெயினிங்ல ஒரே பேட்ச், அப்புறம் போலீஸ் குவார்ட்டர்ஸ்ல பக்கத்து பக்கத்து வீடு, நடுவுல ஒரே சுவர்தான், அவங்க வீட்டுல தாளிச்சா எங்களுக்கு தும்மல் வரும். எனக்கு ஏழு வயசு இருக்கும்போது ஒரு நாள் ராத்திரி வாகன சோதனைல நின்னவர், கை காட்டியும் நிக்காம வந்த லாரி அவர் மேலயே ஏறிருச்சு. விடியக்காலைல நான் தண்ணி குடிக்க எழுந்தேன், வாசல் கதவு திறந்திருக்கு, அப்பா தொப்பிய கக்கத்துல வச்சுக்கிட்டு பக்கத்து வீட்டு கதவுக்கு முன்னாடி நின்னுட்டிருக்கார், கை தட்டறதுக்கு தூக்கினது தூக்கினபடியே இருக்கு, தட்ட மாட்டேங்கறார். எவ்வளவு நேரம் அப்படி நின்னாரோ தெரியாது. கடைசில அத்தையே பால் வாங்க கதவ திறந்தாங்க.

மாமாவோட சைக்கிள் அந்த வீட்டு வாசல்லயே சங்கிலி போட்டு நின்னுது, மாசக்கணக்கா யாரும் தொடல. ஆனா அப்பா வாராவாரம், எந்த கிழமையாவது நேரம் கிடைச்சா, அந்த சைக்கிளுக்கு காத்தடிச்சு செயினுக்கு எண்ண விட்டு துடைச்சு வைப்பார். எதுக்குன்னு அம்மா கேட்டதுக்கு "பையன் வளர்ந்தா ஓட்டுவான்ல"ன்னு சொன்னார். நாலஞ்சு வருஷம் கழிச்சு அவங்க பையன் அந்த சைக்கிள்லதான் ஹைஸ்கூலுக்கு போனான். அத்தைக்கு வாரிசு வேலைல ஆபீஸ்ல ஒரு போஸ்டிங் குடுத்தாங்க, பிள்ளைங்கள படிக்க வச்சு ஆளாக்கிட்டாங்க.

டெல்லில, ஊர்ல இருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு கருங்கல்லுல மாமா பேரு. அப்பா அந்த எழுத்து மேல விரல வச்சு மெதுவா ஒவ்வொரு எழுத்தா தடவினார். நான் தள்ளி நின்னுக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பி, "ஸ்பெல்லிங் சரியா இருக்கும்மா"ன்னார். அதுக்கு மேல அவரும் ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல.

மியூசியம் கீழ்தளத்துல இருக்கு, படியிறங்கி போகணும். கௌடில்யர் காலத்து காவல் முறைல ஆரம்பிச்சு இன்னைக்கு இருக்கற மத்திய படைங்க வரைக்கும் வரிசையா போகுது. எனக்கு ரொம்ப பிடிச்சது ஒடிசா போலீஸோட புறா சர்வீஸ். 1946ல ராணுவத்துகிட்ட இருந்து 200 புறாக்கள வாங்கி கோராபுட்ல ஆரம்பிச்சு, வயர்லெஸ்ஸும் போனும் எட்டாத மலைக் கிராம ஸ்டேஷன்களுக்கு புறா கால்ல சீட்டு கட்டி அனுப்பிருக்காங்க, புயல் வெள்ள காலத்துல கூட பயன்பட்டிருக்கு. பிள்ளைங்கள கூட்டிட்டு போனா இத கண்டிப்பா காமிங்க. அப்பா மியூசியத்துல எல்லாத்தையும் நிதானமா பாத்தார், யூனிபார்ம் இருக்கற இடத்துல மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்னார்.

அங்கதான் அப்பா பேச ஆரம்பிச்சார், அதுக்கப்புறம் நிறுத்தவே இல்ல. வெளில வந்து மர நிழல்ல உக்காந்தோம், ரெண்டு மணி நேரம் போனதே தெரியல. ட்ரெயினிங்ல இவங்களுக்கு வாத்தியார் மொதல்ல சொன்ன கதையே திருப்பத்தூர்தானாம், 1980 ஆகஸ்ட்ல நக்சலைட் ஒருத்தன் வீசின குண்டுல இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் கூட இருந்த போலீஸ்காரங்களும் செத்தது, இன்னைக்கும் அவங்களுக்கு வருஷா வருஷம் அங்க அஞ்சலி நடக்குது. 1991 மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தியோட சேர்ந்து எஸ்.பி. முகமது இக்பாலும் இன்னும் பல போலீஸ்காரங்களும் செத்துப் போனாங்களே, அன்னைக்கு அப்பா வேற ஊர்ல பந்தோபஸ்துல இருந்திருக்கார். வயர்லெஸ் மைக்ல செய்தி வந்ததும் ஸ்டேஷன்ல ஒருத்தரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கலயாம், அதுக்கப்புறம் ஒன்பது நாள் வீட்டுக்கே வரல. எனக்கு அந்த ஒன்பது நாள் ஞாபகம் இல்ல, அம்மாவுக்கு இருக்கு.

நானும் எனக்கு தெரிஞ்சத சொன்னேன். 2008 மும்பை தாக்குதல்ல துக்காராம் ஓம்ப்ளே, ஏ.எஸ்.ஐ., கைல வெறும் லத்திய வச்சுக்கிட்டு கசாப்போட ஏகே 47 குழலையே ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டார், குண்டு அவர் உடம்புல பாயப் பாய விடல, அதனாலதான் அவன உயிரோட பிடிக்க முடிஞ்சுது, அசோக சக்ரா குடுத்தாங்க. 2001 டிசம்பர் 13 பார்லிமென்ட் தாக்குதல்ல சி.ஆர்.பி.எஃப். கான்ஸ்டபிள் கமலேஷ் குமாரி, அந்தம்மா கைல துப்பாக்கி கூட கிடையாது வாக்கி டாக்கிதான், ஆனா கத்தி எல்லாரையும் உஷார்படுத்திட்டுதான் செத்தாங்க, அவங்களுக்கும் அசோக சக்ரா. அப்பா கேட்டுட்டு, "நம்ம வில்சன்"னார். 2020 ஜனவரி 8, களியக்காவிளை செக்போஸ்ட்ல சுடப்பட்ட எஸ்.எஸ்.ஐ. வில்சன். அப்புறம் "பூமிநாதன்"னார். 2021 நவம்பர்ல திருச்சி நவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன், நைட் ரவுண்ட்ஸ்ல ஆடு திருடிட்டு பைக்ல போனவங்கள விரட்டிக்கிட்டு தனியாவே புதுக்கோட்டை மாவட்டம் வரைக்கும் போயி பிடிச்சு வச்சிருக்கார், அங்கயே அவர வெட்டிக் கொன்னுட்டாங்க. ஆடுதானேன்னு அவர் விட்டிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா அந்த ஆட்டுக்காரனுக்கு அதுதான் சொத்து, அது அவருக்கு தெரிஞ்சிருக்கு.

உயிர் போறத மட்டும்தான் தியாகம்னு சொல்றோம், கல்லுலயும் அதத்தான் செதுக்க முடியும். ஆனா போலீஸ்காரர் வீட்டுல பொறந்தவங்களுக்கு மீதி எல்லாம் தெரியும். தீபாவளிக்கு ஊரே வெடி வெடிக்கும்போது அப்பா டியூட்டில இருப்பார். பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு பந்தோபஸ்து. என் காதுகுத்துக்கு வரல, தம்பி ஸ்கூல்ல பரிசு வாங்கினப்ப வரல, தாத்தா செத்ததுக்கு தகனம் முடிஞ்சு சாம்பல் அள்ளற அன்னைக்குத்தான் வந்து சேர்ந்தார், டியூட்டிய மாத்தி விட வேண்டிய ஆள் வரலயாம். என் கல்யாணத்துக்கு மூணு நாள் லீவு கேட்டு ரெண்டு நாள் கிடைச்சுது. வாரத்துல ஒரு நாள் லீவுங்கறது மத்த எல்லா வேலைக்கும் சாதாரணம், தமிழ்நாட்டுல கான்ஸ்டபிள் ஏட்டுங்களுக்கு வார ஓய்வுன்னு அரசாணை வந்தது 2021ல, அப்பா ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம் கழிச்சு. நியூஸ் பாத்துட்டு அன்னைக்கு அப்பா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "பசங்க பிள்ளைங்களோட இருக்கட்டும்". மத்த தொழிலாளிங்க மாதிரி சங்கம் வச்சு கேக்கலாம்னா அதுவும் முடியாது, 1966லயே சட்டம் போட்டு போலீஸுக்கு அந்த உரிமைய கட்டுப்படுத்தி வச்சிருக்காங்க. கேக்க வழி இல்லாதவங்களுக்காக மத்தவங்கதான் கேக்கணும்.

பெண் போலீஸ பத்தியும் சொல்லணும். தமிழ்நாட்டுல 1973ல ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 கான்ஸ்டபிள்னு ஆரம்பிச்சது, 1992ல சென்னை ஆயிரம் விளக்குல முதல் மகளிர் காவல் நிலையம். பந்தோபஸ்துல பத்து மணி நேரம் பாத்ரூம் போக இடமில்லாம, அதுக்காகவே தண்ணி குடிக்காம நிக்கற பொண்ணுங்கள எனக்கு தெரியும், எங்க குவார்ட்டர்ஸ்லயே நாலு பேர் இருந்தாங்க. 2021 நவம்பர் மழைல இன்ஸ்பெக்டர் ராஜேஸ்வரி கீழ்ப்பாக்கம் கல்லறைல மயங்கிக் கிடந்தவர தோள்ல தூக்கிட்டு ஓடினத நாடே பாத்துச்சு. கேமரா இல்லாத இடத்துல தினமும் இப்படி தூக்கறவங்க இருக்காங்க. ரயில்ல அடிபட்ட உடம்ப, கிணத்துல மிதக்கற உடம்ப, சொந்தக்காரங்களே கிட்ட போக மாட்டாங்க, ஒரு கான்ஸ்டபிள்தான் கைல துணிய சுத்திக்கிட்டு இறங்குவார். அப்பா அப்படிப்பட்ட நாள்ல வீட்டுக்கு பின்பக்கமா வந்து கிணத்தடிலயே குளிச்சிட்டு, சோறு வேண்டாம்னு மோர் மட்டும் குடிச்சிட்டு படுப்பார். அது எதுக்குன்னு அன்னைக்கு மர நிழல்லதான் சொன்னார்.

போலீஸ் பண்ற தப்ப மறைக்கறதுக்காக இத எழுதல. லாக்கப்ல ஒரு உயிர் போனா மொதல்ல கோபப்படறது எங்க அப்பாதான், டிவிய அணைச்சிட்டு எழுந்து போயிடுவார், "எங்க எல்லார் சட்டையிலயும் கறை"ன்னு சொல்வார். தப்பு பண்ணவங்களுக்கு தண்டனை கிடைக்கணும், அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஸ்டேஷனுக்கு போய் மரியாதை இல்லாம திரும்பி வந்த அனுபவம் எனக்கே இருக்கு, எந்த ஸ்டேஷன்னு சொல்ல விரும்பல. ஆனா அதே நாட்டுல 36 ஆயிரம் பேர் இந்த வேலைல செத்திருக்காங்கறதும் உண்மை, ரெண்டையும் சேர்த்துத்தான் பாக்கணும்னு நான் நினைக்கறேன். அந்த சுவர்ல இருக்கறவங்கதான் அந்த யூனிபார்ம்க்கு அளவுகோல். புதுசா சேர்ற ஒவ்வொரு கான்ஸ்டபிளையும், ஒவ்வொரு ஐ.பி.எஸ். ஆபீசரையும் ட்ரெயினிங் முடியறதுக்குள்ள ஒரு தடவ இங்க கூட்டிட்டு வந்து நிக்க வைக்கணும், இது என் ஆசை.

போறவங்களுக்கு சில விஷயம். திங்கக்கிழமை லீவு, அன்னைக்கு போயிடாதீங்க. நுழைவுக் கட்டணம் கிடையாது. முடிஞ்சா சனி இல்ல ஞாயிறு சாயங்காலம் இருக்கற மாதிரி போங்க, பொழுது சாயறதுக்கு முன்னாடி பேண்ட் வாசிச்சு பரேட் நடக்கும், நாங்க போனது சனிக்கிழமைங்கறதால கிடைச்சுது. குறைஞ்சது மூணு மணி நேரம் ஒதுக்குங்க, சும்மா வாசல்ல செல்ஃபி எடுத்துட்டு கிளம்பற இடம் இல்ல இது. சுவர்கிட்ட பிள்ளைங்கள ஓடி விளையாட விடாதீங்க, பக்கத்துல யாராவது ஒரு பேர தேடிட்டு இருப்பாங்க. உங்க வீட்டுல, தெருவுல, சொந்தத்துல போலீஸ்ல இருந்தவங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டு போங்க, அவங்க வாயால கேட்டுக்கிட்டே பாக்கறதுக்கும் நாம தனியா பாக்கறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.

டெல்லி போக முடியாதவங்களுக்கு சென்னை எழும்பூர்ல பாந்தியன் ரோட்டுல தமிழ்நாடு காவல் அருங்காட்சியகம் இருக்கு, 2021 செப்டம்பர்ல முதல்வர் ஸ்டாலின் திறந்தது. அது பழைய கமிஷனர் ஆபீஸ் பில்டிங், 1842ல கட்டினது, அருணகிரி முதலியாருக்கு சொந்தமான அந்த வீட்ட மாசம் 165 ரூபாய் வாடகைக்கு எடுத்திருக்காங்க, அப்புறம் போலீஸே வாங்கி 2013ல வேப்பேரிக்கு மாறற வரைக்கும் அங்கதான் இருந்தாங்க. சிகப்பும் வெள்ளையுமா அழகான கட்டடம். ஊருக்கு திரும்பினதும் அங்கயும் போனோம், அது தனியா ஒரு ரிவ்யூ எழுதற அளவுக்கு விஷயம் இருக்கு.

அன்னைக்கு சாயங்காலம் பேண்ட் ஆரம்பிச்சதும் உக்காந்திருந்த அப்பா எழுந்துட்டார். முட்டி வலி இருக்கு, ரெண்டு படி ஏறினாலே நின்னு மூச்சு வாங்குவார், உக்காருங்கப்பான்னு நான் கைய பிடிச்சேன், கேக்கல, முடியற வரைக்கும் அட்டென்ஷன்லயே நின்னார். திரும்பி வரும்போது ஆட்டோல மாமா பேர எடுத்த போட்டோவ அத்தைக்கு வாட்ஸாப்ல அனுப்ப சொன்னார், அனுப்பினேன். பத்து நிமிஷத்துல அத்தை கூப்பிட்டாங்க, அழுகையெல்லாம் இல்ல, "அண்ணே, வெயில்ல எழுத்து அழிஞ்சிராதே"ன்னு மட்டும் கேட்டாங்க. "கிரானைட்டும்மா, அழியாது"ன்னு அப்பா சொன்னார். ஊருக்கு வந்ததும் அந்த போட்டோவ பெருசா பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணி, பஸ் ஏறி அவங்க வீட்டுக்கு போய் அவரே ஆணி அடிச்சு மாட்டிட்டு வந்தார்.